முருங்கையை வெட்டக் கூடாத வருஷம்

எங்கள் வீட்டுக் காலண்டரில் அமாவாசை, கிருத்திகை, பள்ளிக்கூட லீவு எல்லாம் என் மனைவியின் பொறுப்பு. செடி சமாசாரம் என்னுடையது. புதுக் காலண்டர் வந்து ஆணியில் மாட்டியதும் ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமையில் ‘முருங்கை’ என்று எழுதுவேன். கார்த்திகைக் கடைசியில் ‘மல்லிக்குத் தண்ணீர் நிறுத்து’. மார்கழி நடுவில் ‘மல்லி கவாத்து’. கவாத்து என்றால் போன வருஷத்துக் கிளைகளை எல்லாம் கழித்து, இலையை உருவி, செடியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நிறுத்துவது. பார்க்கிறவர்கள் பதறுவார்கள். பங்குனியில் அதே செடியில் அரும்பு கட்டும்போது பதறியவர்களே பூக் கேட்டு வருவார்கள்.

வெட்டுவதில் எனக்கு ஒரு ருசி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. நாள் முழுக்க ஸ்கேலும் செட்ஸ்கொயருமாக இருந்துவிட்டு, தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், ஒரு செம்பருத்திக் கிளை மட்டும் வழியை மறித்து நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கை பரபரக்கும். சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் கத்திரியை எடுத்துவிடுவேன். “காபியாவது குடிச்சிட்டு வெட்டக் கூடாதா?” என்று என் மனைவி கேட்பாள். அவள் குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. செடியின் லத்தீன் பெயரெல்லாம் அவளுக்குத் தெரியும். வெட்டத் தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் வேலைப் பங்கீட்டில் தகராறு வந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலையூர் ஏரிக்குக் கீழே நெல் விளைந்த நிலத்தை மனையாகப் போட்டார்கள். ஒரு மனை வாங்கி, முன்னால் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு என்று கட்டினோம். குளியலறையும் கக்கூஸும் பின்பக்கம், கிணற்றைத் தாண்டித் தனியாக, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு. அப்போது எங்கள் தெருவில் மொத்தம் ஏழெட்டு வீடுதான். மற்ற மனைகளில் வேலிகாத்தான் முள்ளும் மேயும் மாடுகளும். மண் களிமண். மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், கோடையில் காலைக் கிழிக்கும். ஆனால் வேர் பிடித்துவிட்டால் போதும், எதை வைத்தாலும் வளர்ந்தது. ஒரு மாங்கன்று, ஓர் எலுமிச்சை, இரண்டு நந்தியாவட்டை, மல்லி நாலு குழி வைத்தோம். குளியலறைக்குப் பக்கத்தில் முருங்கை. அதை வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா தன் மரத்துக் கிளையில் ஒரு போத்தாக வெட்டிக் கொடுத்தார், நட்டோம்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வீடு கட்டிய நிலமே அவர்கள் குடும்பத்து நிலம்தான். நிலத்தை மனையாக விற்றுவிட்டு, ரோட்டோரம் ஒரு தீவனக் கடை வைத்திருந்தார்கள். மாட்டை மட்டும் விற்கவில்லை. அக்கா எங்களைவிட ஐந்தாறு வயது பெரியவர். என் மனைவியை ‘டீச்சர்’ என்பார், என்னை ‘சார்’ என்பார், ஆனால் அந்த சாருக்குப் பின்னால் மரியாதை எதுவும் வராது. “இன்னா சார், மல்லிச் செடிய இப்டி மொட்டை அட்ச்சு வச்சிக்கீற, அது இன்னா பாவம் பண்ணுச்சு?” என்று வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அவர் வீட்டு மாட்டுச் சாணம் எனக்கு வேண்டும். அதனால் சிரித்து வைப்பேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. இல்லை என்று சொல்வதும் சரியில்லை. இரண்டு முறை தரித்தது. முதலாவது மூன்றாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என் மனைவி ஒரு மாதம் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. அந்த வருஷம் மல்லி எப்போதும் போல் பூத்தது. அவளுக்குப் பறித்துக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே உதிர விட்டேன்.

மூன்றாவது முறை, எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஆனி மாதத்தில் டாக்டரம்மா உறுதி சொன்னார். மாசிக் கடைசியில் பிரசவம் ஆகும் என்றார். நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. ரயிலில் போகும்போது விரலை மடக்கி மாதத்தை எண்ணிக்கொள்வேன். ஐந்தைத் தாண்டினால் போதும் என்று அந்த விரலிலேயே வந்து நிற்பேன்.

யாருக்கும் சொல்லவில்லை என்றாலும் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியாமல் போகுமா? காலையில் கிணற்றடியில் என் மனைவி குமட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறார். புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை, காலண்டரில் எழுதியபடி, நான் அரிவாளைத் தீட்டி எடுத்துக்கொண்டு முருங்கையடிக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

“இன்னா சார், கத்தியும் கையுமா எங்க போய்கினு கீற?”

“மழைக்கு முன்னால முருங்கையைத் தட்டிவிடணும். இல்லேன்னா காத்துல முறியும்.”

“அடப் பாவி மனுசா! டீச்சர் மாசமா கீது. பொண்டாட்டி மாசமா கீறப்போ புருசங்காரன் மரத்துல கத்தி வைப்பானா? உங்க ஊர்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?”

“எங்க ஊர்ல மரம் வேற, மனுஷன் வேறன்னு சொல்லித் தந்தாங்க.”

“இந்த வாய்க்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. தேங்கா ஒடைக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, முகத்துல கூட கத்தி வைக்கக் கூடாது. நான் சொல்றதச் சொல்லிட்டேன்.”

“அப்ப தாடியும் வளர்க்கணுமா?”

“வளத்தா நல்லதுதான்.”

சிரித்தபடியே வீட்டுக்குள் வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை மூடிவைத்துவிட்டு என் கையிலிருந்த அரிவாளைப் பார்த்தாள்.

“நான் அதெல்லாம் நம்பலை,” என்றாள். “ஆனா எதுக்கு?”

ஒரு சாக்கை எடுத்துவந்து, அரிவாள், கத்திரி, மம்பட்டி எல்லாவற்றையும் அவளே சுற்றிக் கட்டினாள். மம்பட்டி எதற்கு என்று கேட்டேன். அதிலும் இரும்பு இருக்கிறதே என்றாள். உயிரியல் ஆசிரியை! ஸ்டூல் போட்டு ஏறி அந்த மூட்டையைப் பரண்மேல் வைத்தவன் நான்தான்.

அந்த வருஷம் எங்கள் தோட்டம் வளர்ந்த மாதிரி அதற்கு முன்னும் வளரவில்லை, பின்னும் வளரவில்லை. வெட்ட ஆள் இல்லை என்பது அதற்கு எப்படியோ தெரிந்துவிட்டது. செம்பருத்தி ஜன்னலுக்குள் தலையை விட்டது. நந்தியாவட்டை கேட்டைத் திறக்க விடாமல் நின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். விரல் நகத்தால் ஒரு கொழுந்தைக் கிள்ளலாமா, அது வெட்டில் சேருமா என்று பெரிய சட்ட ஆராய்ச்சியெல்லாம் செய்தேன். கிள்ளலாம் என்று தீர்ப்பு வந்தது. கையெல்லாம் பச்சைக் கறையோடு அலுவலகம் போனேன்.

இவை எல்லாம் பரவாயில்லை. முருங்கைதான் என்னைப் படுத்தியது. முருங்கை மரத்தில் வலு கிடையாது. வருஷா வருஷம் மழைக்கு முன் நெஞ்சு உயரத்தில் வெட்டிவிட்டால் அடி பருத்து, புதுக் கிளை விட்டு, மாசியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். வெட்டாமல் விட்டால் இருபது அடி போகும், ஐப்பசிக் காற்றில் எங்கேயாவது முறிந்து விழும். எங்கள் மரம் எங்கேயாவது விழாது. அது குளியலறைக் கூரைமேல் முழுசாகச் சாய்ந்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதற்குக் கீழேதான் என் மனைவி ஒரு நாளைக்குப் பத்து முறை போய் வந்தாள்.

நான் வெட்டக் கூடாது, அவ்வளவுதானே, வேறு ஆள் வெட்டலாமே என்று தோன்றியது. பெருங்களத்தூர் பக்கத்திலிருந்து மரம் ஏறுகிறவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் மரத்தைச் சுற்றிப் பார்த்தார், கயிற்றை எடுத்தார். அந்த நேரம் பார்த்து என் மனைவி பின்வாசலில் வந்து நின்றாள். நாலு மாதம் முடிந்து வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அவர் கயிற்றைத் திரும்பச் சுருட்டினார்.

“நல்லபடியா புள்ள பொறக்கட்டும் சார். அப்பால வந்து வெட்டித் தர்றேன்.”

“அதுக்குள்ள மழை வந்துடும்யா. நான்தானே வெட்டக் கூடாது? நீ வெட்டினா என்ன?”

“உன் மரம், நீ சொல்லி வெட்றது. நீ வெட்ன மாரிதான் சார்.”

அவர் டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கனைப்பு கேட்டது.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. முருங்கை நனைந்து கனத்து இன்னும் தாழ்ந்தது. நான் இரண்டு மூங்கிலை முட்டுக் கொடுத்தேன், கயிறு போட்டு மாமரத்தோடு இழுத்துக் கட்டினேன். களிமண்ணில் மூங்கில் நிற்கவில்லை. தினமும் காலையில் அடிமரத்தைப் போய்ப் பார்ப்பேன். ஒரு நாள், தரையிலிருந்து ஆளுயரத்தில், பட்டையில் ஒரு வெடிப்பு தெரிந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். மறுநாள் இரண்டு விரல் போயிற்று.

அன்று ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. வெட்டினால் குழந்தைக்கு ஆகாது என்று ஊர் சொல்கிறது. வெட்டாவிட்டால் மரம் அவள் தலையில் விழும் என்று என் கண் சொல்கிறது. ஒன்று பேச்சு, இன்னொன்று இரண்டு விரல் அகல வெடிப்பு. எதை நம்புவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்திருக்கக் கூடாது. இருந்தது. அப்போது ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

ஐந்து முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்து சில நாளில் ஓர் இரண்டாம் சனிக்கிழமை வந்தது. டாக்டரம்மாவிடம் போக வேண்டிய நாள். எப்போதும் நான்தான் கூடப் போவேன். அன்று வயிறு சரியில்லை என்று சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா துணைக்குப் போனார். அவர்கள் ஏறிய சைக்கிள் ரிக்‌ஷா தெருமுனை திரும்பியதும் பரணில் ஏறினேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் குளியலறைச் சுவரில் ஏணி சாய்த்து ஏறிக் கூரைமேல் இருந்த கிளைகளைக் கழித்தேன். பிறகு நெஞ்சு உயரத்தில், வெடிப்புக்குக் கீழே, ஒரு பக்கமாகச் சரித்து, தண்ணீர் வடிந்து போகிற மாதிரி வெட்டினேன். மாதக்கணக்கில் அடக்கிவைத்த கை, அவ்வளவு அழகாக வெட்டியது. வழக்கம்போல வேலியோரத்துச் சாணத்தில் ஓர் உருண்டை எடுத்து வெட்டுவாயில் அப்பி, தொப்பி மாதிரி வழித்துவிட்டேன். அப்படி வைக்காவிட்டால் மழைத் தண்ணீர் இறங்கி அடிமரம் அழுகிவிடும். அரிவாளைத் துடைத்து, சாக்கில் சுற்றி, பரணில் வைத்தேன். கீழே இறங்கியதும் நேரே கக்கூஸுக்கு ஓடினேன். வயிறு சரியில்லை என்று சொன்ன பொய் பலித்துவிட்டது.

தூறல் ஆரம்பித்தபோது அவர்கள் திரும்பி வந்தார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாராம். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவே இல்லை.

“முருங்கை முறிஞ்சு விழுந்துடுச்சு,” என்றேன். “நீங்க போனதும் ஒரு காத்து அடிச்சுது பாரு, மடமடன்னு.”

“காத்தா?” என்றார் அக்கா. “அங்க ஒரு இலை ஆடலியே சார்!”

“ஏரிப் பக்கமா அடிச்சுது.”

அக்கா பின்பக்கம் போய்ப் பார்க்கக் கிளம்பினார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “மழை வலுக்குது, அக்கா. உங்க துணியெல்லாம் கொடியில கிடக்கு பாருங்க,” என்றாள். அவர் “ஐயோ, என் பொடவ!” என்று ஓடினார். என் மனைவி பின்வாசலில் நின்று கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டாள். “நல்லவேளை, நான் வீட்டில இல்லை,” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் பார்த்தால் முருங்கை அடிமரத்தின்மேல் ஒரு பழைய மண்பானை கவிழ்த்திருந்தது. அதில் சுண்ணாம்பால் வெள்ளைப் புள்ளிகள். என்ன இது என்று கேட்டேன். “திருஷ்டிக்கு. யார் கண்ணோ பட்டுத்தான் மரம் முறிஞ்சிருக்கு. அதை யாரும் தொடக் கூடாது,” என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. படித்தவள், பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறவள், பானையில் புள்ளி வைக்கிறாளே! ஆனால் நான் எந்த முகத்தோடு கோபப்படுவது? விழுந்த கீரையை ஒடித்துத் தெருவெல்லாம் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா பானையைப் பார்த்துத் தூரமாக நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அதன் கிட்டே போகவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. நான் எதையும் நம்பாதவன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அலுவலகத்தில் போன் மணி அடித்தால் எனக்காக இருக்குமோ என்று பென்சில் நின்றுவிடும். வீட்டில் அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது லேசாக முனகினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பேன். கார்த்திகையில் காலண்டர் ‘மல்லிக்குத் தண்ணீர் நிறுத்து’ என்றது. நான் நிறுத்தவில்லை. மார்கழியில் கவாத்து என்றது. கவாத்தும் செய்யவில்லை. முருங்கையோடு என் கணக்கு முடிந்தது, இனி ஓர் இலையையும் தொடமாட்டேன் என்று யாரிடம் என்று தெரியாமலே வேண்டிக்கொண்டேன்.

அதற்கு முன்னாலேயே, கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் குழந்தை அசையவில்லை என்றாள். காலையிலிருந்தே அசையவில்லை என்று அப்புறம்தான் சொன்னாள். ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டரம்மாவின் வராந்தா பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம், இப்போதே உள்ளே போய், நான்தான் வெட்டினேன், காற்று இல்லை என்று சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். சொன்னால் என்ன ஆகும்? அவளுக்கு நெஞ்சு பதறும். குழந்தைக்கு அது வேறு ஆகாது. திரும்ப உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். குழந்தை தூங்கியிருக்கிறது, அவ்வளவுதானாம். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்ததும் எட்டி உதைத்ததாம். ஆட்டோவில் வரும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மாசிக் கடைசியில் பெண் பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. அழுத அழுகை வராந்தாவுக்கு வெளியே கேட்டது. நானும் அழுதேன், சொல்வதற்கென்ன? பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரையை என் வாயில் போட்டுவிட்டு, “பாத்தியா சார்? நான் சொன்னேன்ல? கத்திய எடுக்காம இருந்த, தங்கமாட்டம் பொண்ணு பொறந்து கீது,” என்றார். சர்க்கரையை விழுங்கினேன். ஆமாம் அக்கா, நீங்கள் சொன்னது சரிதான் என்றேன். வேறு என்ன சொல்ல?

கவாத்து செய்யாத மல்லி அந்தப் பங்குனியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூத்தது. முருங்கை மட்டும் பானையைச் சுற்றிப் பத்துக் கிளை விட்டிருந்தது. சித்திரையில் பானையை எடுத்துவிட்டு, மூட்டையையும் பரணிலிருந்து இறக்கி, என் பழைய வேலையைத் தொடங்கினேன். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு புரட்டாசியிலும் முருங்கையை வெட்டும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். வெட்டி முடித்ததும் அந்த எண்ணம் போய்விடும்.

நாலைந்து வருஷம் கழிந்தது. தெருவில் முள்ளெல்லாம் போய் வீடுகள் வந்துவிட்டன. பெரியவளுக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் வாங்கியாயிற்று. தொண்ணூறுகள் பிறந்திருந்தன. சின்னவள் என் மனைவியின் வயிற்றில் இருந்தாள். புரட்டாசி வந்தது. நான் புத்திசாலியாக, யாரும் சொல்வதற்கு முன்னாலேயே, அரிவாளையும் கத்திரியையும் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டேன். மம்பட்டியையும்தான். முருங்கை பழையபடி குளியலறைப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. இந்த வருஷம் என் மனைவியும் பெரியவளும் மாமியார் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வரட்டும், அதற்குள் ஏதாவது செய்துவிடலாம் என்று மனத்துக்குள் ஒரு திட்டமும் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் எலுமிச்சைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன், கையாலேயே. என் மனைவி பின்வாசல் வழியாக வந்தாள். கையில் அந்தச் சாக்கு மூட்டை. அவ்வளவு பெரிய வயிற்றோடு ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் கத்தியிருப்பேன். அவள் முந்திக்கொண்டாள்.

“என்னை எங்கேயாவது அனுப்பிட்டு வெட்டலாம்னு பார்க்கிறீங்களா?”

நான் பாத்தி மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

“போன தடவை மாதிரி?”

“போன தடவை காத்து...” என்று ஆரம்பித்தேன்.

“எந்த ஊர்க் காத்துங்க முறிச்ச இடத்தில சாணியும் வெச்சுப் பூசிட்டுப் போகும்?”

மண் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாணி! பழக்கதோஷத்தில் வைத்த சாணியைப் பற்றி அத்தனை வருஷமும் எனக்கு உறைக்கவே இல்லை. பின்வாசலில் நின்ற அந்த ஒரு நிமிஷத்திலேயே அவள் பார்த்திருக்கிறாள்.

“பானை திருஷ்டிக்கு இல்லை,” என்றாள். “உங்க வெட்டு வெளியில தெரியக் கூடாதுன்னு. அக்கா பார்த்திருந்தா தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்.”

“தெரிஞ்சும் ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கலை?”

அவள் கிணற்றுச் சுவரில் மெதுவாகச் சாய்ந்துகொண்டாள்.

“கேட்டா நீங்க ஆமாம்னு சொல்லியிருப்பீங்க. உங்களுக்குப் பொய் ரொம்ப நேரம் தாங்காது. நீங்க ஆமாம்னு சொல்லி, அப்புறம் குழந்தை தங்காம போயிருந்தா, நான் உங்களை மன்னிச்சிருக்க மாட்டேன். மரத்துக்கும் குழந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் மன்னிச்சிருக்க மாட்டேன். அது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அன்னிக்கு ஆட்டோவில வரும்போது அதைத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன். குழந்தையும் போய், நீங்களும் போயிடுவீங்களேன்னு. கேட்காம இருந்தா காத்துதான்னு நானும் சொல்லிக்கலாம் இல்லையா? அதான் கேட்கலை.”

அந்த நாலு மாதமும் நான் ஒருவன்தான் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. மூட்டையைப் பிரித்து அரிவாளை எடுத்துப் பிடிப்பக்கமாக என்னிடம் நீட்டினாள்.

“இந்தத் தடவை காத்து வேண்டாம். என் கண்ணெதிரே வெட்டுங்க. நல்லதோ கெட்டதோ, ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதா இருக்கட்டும்.”

கையைக் கழுவிக்கொண்டு அரிவாளை வாங்கினேன். முருங்கையடியில் போய் நின்றேன். எனக்குக் கை வரவில்லை. வருஷா வருஷம் வெட்டுகிற மரம், எங்கே வெட்ட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வரவில்லை. அவள் இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, கூரைக்கு அப்பால் தள்ளி, நான் பார்க்கிற இடத்தில் நின்றாள்.

வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது.

“யோவ் சார்! இன்னா காரியம் பண்ற? டீச்சர், நீயும் பாத்துகினு நிக்கிற!”

“நான்தான்க்கா வெட்டச் சொன்னேன்,” என்றாள் என் மனைவி. அவர் பக்கம் திரும்பாமல், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் அரிவாளை ஓங்கினேன்.